வென்ட் ஆஃப் என்றால் நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொன்னால் ஆயாவுக்குக் கோபம் வந்துவிடும். மாடத்து விளக்கைக் குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும், எண்ணெய் தீர்ந்து அதுவாகவே நின்றுபோனால் விளக்கு மலையேறிடுச்சு என்று சொல்ல வேண்டும். அடுப்பை அமத்தலாம், லாந்தர் திரியை இறக்கலாம், ஃபேனை நிறுத்தலாம். தொடங்கி வைக்கிற பக்கமும் அப்படித்தான். விளக்கை ஏற்றுவோம், அடுப்பைப் பற்ற வைப்போம், டியூப் லைட்டைப் போடுவோம், மோட்டாரைப் போடுவோம், குழாயைத் திறப்போம், கொசுவத்தியைக் கொளுத்துவோம். பொருளுக்கு ஒரு சொல். கடலூர் முதுநகரில் உப்பனாற்றுப் பக்கம் எங்கள் வீடு, அப்பா வயர்மேன், அவர் வாயில் மட்டும் நாள் முழுக்க ஆன், ஆஃப், டிரிப், ஃபீஸ் என்று நாலு சொல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வளர்ந்ததால் இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இரண்டே சொல் போதும் போலிருக்கிறது என்று பி.காம். முடிக்கிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

2009இல் புதுச்சேரியில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. பீச் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு, மொத்தம் ஒன்பது அறை. வாரத்தில் மூன்று நாள் எனக்கு இரவு டியூட்டி. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், பின்கட்டு மாடி அறையிலிருந்து போன் வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வயதான தம்பதி. அந்த அம்மா நிதானமான குரலில், "தி அலாரம் ஹேஸ் கான் ஆஃப் இன் அவர் ரூம்" என்றார். கான் ஆஃப். ஆஃப் ஆகிவிட்டது. ஏதோ அலாரம் அடித்துக்கொண்டிருந்தது போல, இப்போது நின்றுவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஓகே மேடம், தேங்க் யூ, குட் நைட்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து அவர் கணவர் படியிறங்கி ஓடி வந்தார். அறையில் புகை. கூரையில் மாட்டியிருந்த பேட்டரி அலாரம் அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், கதவு எல்லாம் சாத்தி ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் முன்கட்டில் இருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் முதலில் மெயினை இறக்கினேன், வயர்மேன் மகளாக இருந்ததற்கு அது ஒன்றுதான் பலன். அப்புறம் மேலே போய்ப் பார்த்தால் கட்டிலுக்குப் பின்னால் மல்டி பிளக் உருகிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது, திரைச்சீலையின் ஓரம் கருகியிருந்தது. இன்னும் ஒரு ஐந்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் காலை அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது சொல்லைப் பற்றி இல்லை. என்ன மாட்டியிருந்தாங்க என்று கேட்டார். கெட்டிலும் ஹேர் ட்ரையரும் என்றேன். "இங்க பாரும்மா, கெட்டில் 1,500 வாட் இருக்கும், 230 வோல்ட்டுல அதுவே ஆறரை ஆம்ப் இழுக்கும். சின்ன சாக்கெட்டு 6 ஆம்ப்தான் தாங்கும். அதுல மல்டி பிளக்கப் போட்டு ஹேர் ட்ரையரையும் சொருகினா உருகாம என்னா பண்ணும்?" என்றார். அதெல்லாம் சரிப்பா, ஆஃப் ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே, ஆஃப் ஆனது எப்படிப்பா கத்தும் என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை.

அந்த அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை, காலைச் சாப்பாட்டு மேசையில் என்னை எதிரில் உட்கார வைத்து, துப்பாக்கி எப்படி வெடிக்கும் என்று கையால் காட்டினார். கன் கோஸ் ஆஃப். பாம் கோஸ் ஆஃப். அலாரம் கோஸ் ஆஃப். இந்த ஆஃப் நிற்கிற ஆஃப் இல்லை. ஆஃப் என்பது ஆதியில் ஆவ், அதாவது சொந்தம் குறிக்கிற அந்தச் சின்னச் சொல்லோடு ஒன்றாக இருந்து பிரிந்தது, அதன் பழைய பொருள் விட்டு விலகி என்பது. இழுத்துக் கட்டிய விசை விடுபட்டுப் போவது, நாணிலிருந்து அம்பு போவது, அதுதான் கோ ஆஃப். அலாரமும் அப்படித்தான், உள்ளே அடக்கி வைத்திருந்தது விடுபட்டுக் கத்துகிறது. விளக்கு கோ ஆஃப் என்றால் இருட்டு. அலாரம் கோ ஆஃப் என்றால் சத்தம். பால் கோ ஆஃப் என்றால் கெட்டுப்போனது. மூன்றும் ஒரே சொல். இது யாருக்கும் தானாகத் தெரியாது, ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். எனக்குச் சொல்ல ஒருவர் கிடைத்தது, அதுவும் யாருக்கும் காயம் இல்லாமல் கிடைத்தது பெரிய விஷயம்.

அன்றைக்கே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அகராதி மாதிரி எழுத்து வரிசையில் எழுதவில்லை, ஆயா சொல்வது போலப் பொருள் பொருளாக எழுதினேன். விளக்கு, மெழுகுவத்தி, அடுப்பு, குழாய், மோட்டார், ஏசி, அலாரம், பட்டாசு. எழுதிக்கொண்டே போனபோது ஒரு பக்கத்தில் கை நின்றது. எட்டாம் வகுப்பில் தமிழய்யா கரும்பலகையில் எழுதிப்போட்ட தன்வினை பிறவினை எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. விளக்கு அணைந்தது, அது தன்வினை. விளக்கை அணைத்தான், அது பிறவினை. நமக்கு ஒரே வேரில் ந் என்றும் த் என்றும் மாறினால் போதும், அதுவாக நடந்ததா ஒரு கை செய்ததா என்று தெரிந்துவிடும். எரிந்தது, எரித்தான். இங்கிலீஷில் அந்த வேலையை முன்னால் வருகிற சின்ன வினை செய்கிறது. நெருப்பு அதுவாக அணைந்தால் வென்ட் அவுட், நாம் அணைத்தால் புட் அவுட். விளக்கு அதுவாக எரிந்தால் கேம் ஆன், நாம் போட்டால் டர்ன்ட் ஆன். பட்டாசு வெடித்தது வென்ட் ஆஃப், நாம் வெடித்தோம் என்றால் செட் ஆஃப். கோ, கம் இரண்டும் பொருளின் பக்கம். டர்ன், புட், செட், ஸ்விட்ச் எல்லாம் கையின் பக்கம். பின்னால் வருகிற ஆனையும் ஆஃபையும் மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்கியதுதான் நான் செய்த தப்பு, முன்னால் இருக்கிற சொல்லைக் கவனித்திருந்தால் யாரோ எதையோ நிறுத்தியதாக அந்த அம்மா சொல்லவில்லை, அலாரம் அதுவாக ஏதோ செய்திருக்கிறது என்ற அளவுக்காவது அந்த ராத்திரி எனக்குப் புரிந்திருக்கும், என்ன ஆச்சு மேடம் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுகிற யாருக்கும் இதை நான் முதலில் சொல்கிறேன், பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்தை வைத்தே இந்த இங்கிலீஷில் பாதியைப் பிடித்துவிடலாம்.

கைப் பக்கத்துச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது, அது தெரிந்தால் எங்கே எதைப் போடுவது என்ற தடுமாற்றம் குறையும். டர்ன் என்றால் திருகுவது. தண்ணீர்க் குழாயும் கேஸ் குழாயும் திருகித் திறக்கிற சாமான்கள், கேஸ் விளக்கு எரிந்த காலத்திலேயே டர்ன் வந்துவிட்டது, மின்சாரம் வந்தபோது முதலில் வந்த ஸ்விட்சுகளிலும் திருகுகிற வகை நிறைய இருந்தது, சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் குழாயை டர்ன் ஆன் சொல்லலாம், ஸ்விட்ச் ஆன் சொல்லக்கூடாது. ஸ்விட்ச் என்பதற்கு முதல் பொருள் மெல்லிய குச்சி, குதிரையை அடிக்கிற விளாறு. அதிலிருந்து ரயிலைத் தடம் மாற்றுகிற நகரும் தண்டவாளத்துக்குப் போய், அப்புறம் மின்சாரத்துக்கு வந்தது. நம் பாடப்புத்தகக்காரர்கள் ஸ்விட்சுக்குச் சொடுக்கி என்று பெயர் வைத்தார்கள், நாம் சாட்டையையும் சொடுக்குகிறோம். தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, இரண்டு மொழியும் சாட்டையில் வந்து சந்தித்ததைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெழுகுவத்தியையும் விளக்கையும் ஏற்றுவதற்கு லைட் என்பதே வினை, ஏற்றினது லிட். புதுச்சேரி பீச்சில் நிற்கிறதே பழைய லைட்ஹவுஸ், அது முதன்முதலில் எரிந்தது 1836இல், அப்போது கரண்ட் ஏது, அதைப் பற்றிச் சொல்லும்போது ஃபர்ஸ்ட் லிட் என்றுதான் சொல்ல வேண்டும். நாம் லைட்டைப் போடு என்பதற்கு நேராகப் புட் ஆன் த லைட் என்கிறோம், அது தப்பில்லை, இங்கிலாந்திலும் சொல்கிறார்கள். ஆனால் புட் ஆஃப் என்று எழுதினால் இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது தள்ளிப்போடுவது. டர்ன் டவுன் என்றால் சத்தத்தைக் குறைப்பது, ஒருவர் கேட்டதை மறுப்பதும் அதேதான். இன்னொன்று, நம்மவர்கள் நிறைய பேர் ஆஃப் த ஃபேன், ஆன் த லைட் என்று ஆனையும் ஆஃபையுமே வினையாக ஆக்கிவிடுகிறார்கள், ஆஃப் பண்ணு என்று தமிழில் சொல்வதால் வருகிற பழக்கம். சிங்கப்பூரிலும் அப்படிப் பேசுகிறார்கள், அங்கே பிழைத்துக்கொள்ளலாம். வேறு ஊரில் எதிரில் இருப்பவர் விழிப்பார். அதே மாதிரி கரண்ட் வென்ட், கரண்ட் கேம். நமக்கு எவ்வளவு தெளிவான வாக்கியம், அவர்களுக்கு ஒன்றும் புரியாது. த பவர் வென்ட் அவுட், த பவர் கேம் பேக் ஆன் என்று சொல்ல வேண்டும்.

இப்போது நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற பசங்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருப்பது அது, இது என்ற சுட்டு வருகிற இடம். ஃபேன் என்று பெயரோடு சொன்னால் டர்ன் ஆஃப் த ஃபேன், டர்ன் த ஃபேன் ஆஃப், இரண்டும் சரி. அதை என்று சொன்னால் டர்ன் இட் ஆஃப் மட்டும்தான். இட் நடுவில் உட்கார வேண்டும். இதற்கு நான் காரணம் எல்லாம் சொல்வதில்லை, நூறு தடவை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன், வாய்க்குப் பழகினால் போதும்.

கெஸ்ட் ஹவுஸில் இருந்த மூன்று வருடத்தில் கனடாவில் மாண்ட்ரியல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முதல் நாள் சாயந்திரமே வந்து, "ஐ கேனாட் ஓப்பன் த லைட்" என்றார். விளக்கைத் திறக்க முடியவில்லையாம். நான் பல்ப் மூடியைக் கழற்றப் பார்க்கிறார் என்று பயந்து மேலே ஓடினேன், அவர் ஸ்விட்ச் போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் ஊரில் ஸ்விட்சை மேலே தள்ளினால் எரியும், நம் ஊரில் கீழே தட்டினால் எரியும், அதில்தான் குழப்பம். அவர் வீட்டில் பேசுவது பிரெஞ்சு, அந்தப் பக்கத்துப் பிரெஞ்சில் விளக்கைத் திறப்பது, மூடுவது என்றுதான் பேச்சு வழக்கு. எதிர் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர், கெஸ்ட்டுகளோடு பேச சாயந்திரம் திண்ணைக்கு வருவார். அவரிடம் கேட்டேன். "பிரான்சுல அல்யுமேன்னு சொல்லுவாங்கம்மா. வெளக்குக்கும் அல்யுமேதான், அடுப்புக்கும் அதான், டிவிக்கும் அதான். நெருப்பு வெக்கிற சொல்லுதான் அது, டிவிக்கும் நெருப்பு வெக்கிறாங்க" என்றார். அணைக்க எத்தாந்த்ர், அதுவும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இங்கிலீஷ் சரியாக வராததற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த மாண்ட்ரியல் அம்மாவும் தன் மொழியைத் தூக்கிக்கொண்டுதான் இங்கிலீஷுக்குள் வருகிறார் என்று தெரிந்ததில் பெரிய தைரியம் வந்தது.

சரி, திறப்பது மூடுவதுக்கு வருகிறேன், ஏனென்றால் விபரீதம் அங்கேதான் இருக்கிறது. என் தம்பி ஃபிட்டர், கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஃபிட்டருக்கு ஓப்பன் என்றால் வால்வு திறந்திருக்கிறது, உள்ளே ஓடுகிறது. குளோஸ்ட் என்றால் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியனுக்கு அப்படியே தலைகீழ். பிரேக்கர், அதாவது கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற பெரிய ஸ்விட்ச், குளோஸ்ட் என்றால் இரண்டு முனையும் சேர்ந்திருக்கிறது, கரண்ட் பாய்கிறது. ஓப்பன் என்றால் பிரிந்திருக்கிறது, கரண்ட் இல்லை. ஒரே ஷெட்டுக்குள், ஒரே பம்புக்குப் பக்கத்தில், ஒரே சொல்லை இரண்டு பேர் எதிரெதிராகப் பேசுகிறார்கள். நார்மலி ஓப்பன் வால்வு என்றால் சும்மா இருக்கும்போது தண்ணீர் போகும், நார்மலி ஓப்பன் கான்டாக்ட் என்றால் சும்மா இருக்கும்போது கரண்ட் போகாது. போதாததற்குக் கலர். ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன் ஓட்ட, சிவப்பு பட்டன் நிறுத்த. ஆனால் நம் ஊர்ப் பேனல் போர்டுகள் பலவற்றில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆனில் இருக்கிறது என்று அர்த்தம், பச்சை எரிந்தால் ஆஃப்.

ஒரு நாள் தம்பி பம்பையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளிங்கைக் கழற்றப் போய் நிற்கிறான், வாக்கி டாக்கியில் எலக்ட்ரீஷியன் யாருக்கோ குளோஸ்ட், குளோஸ்ட் என்கிறார். இவன் மூடியாச்சு என்று எடுத்துக்கொண்டான், பேனலில் சிவப்பு எரிவதைப் பார்த்து நின்றாச்சு என்றும் உறுதி பண்ணிக்கொண்டான். ஸ்பானரை எடுத்துவிட்டான். அப்புறம் அப்பா சின்ன வயதிலிருந்து சொன்னது ஞாபகம் வந்து, பக்கத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தினான். மோட்டார் ஓடியது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார், அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. பிறகு என்னிடம்தான் சொன்னார், "ஆஃப் பண்ணிட்டேன்னு ஒருத்தன் சொன்னா நம்பாதீங்கடான்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். ஒரு தடவ பட்டன அழுத்திப் பாக்க எவ்ளோ நேரம் ஆவும்?" பெரிய கம்பெனிகளில் இப்போது இதை முறையாகவே வைத்திருக்கிறார்கள், பிரேக்கரைப் பிரித்துப் பூட்டுப் போட்டு, சீட்டு மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஓட்டிப் பார்ப்பது. அந்தக் கடைசி வேலைக்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் ட்ரை.

அப்பாவிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொரு வேறுபாடு தானே புயலின்போது வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, எந்தத் தெருவில் பார்த்தாலும் கம்பம் படுத்திருந்தது. டவுனில் பல நாள், கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் வந்து வேலை செய்தார்கள். ஊரே ஆஃபில் இருக்கிறது, சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு சொட்டு கரண்ட் வரவில்லை, கம்பியைத் தொட்டால் என்ன என்றுதானே தோன்றும். அப்பா டெஸ்டரை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனார். வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தவர்கள், லைனைப் பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு பிளக் பாயின்ட்டிலேயே சொருகியிருந்தார்கள். மெயினை இறக்காமல் அப்படிச் சொருகினால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் புகுந்தால் அந்தப் பக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு அது தெரியாது. அப்பா ஒவ்வொரு வீட்டிலும் ஃபீஸ் கேரியரைப் பிடுங்கி அவர்கள் கையிலேயே கொடுத்து, லைன் வர்ற வரைக்கும் மாட்டாதீங்கண்ணே என்று கெஞ்சிக் கேட்டுவிட்டு வந்தார்.

இங்கிலீஷில் ஆஃப் வேறு, டெட் வேறு. ஸ்விட்ச் ஆஃபில் இருக்கலாம், லைன் டெட் ஆகாமல் இருக்கலாம். ஆஃப் என்பது ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்கிறது, டெட் என்பது கம்பியின் நிலையைச் சொல்கிறது, உயிர் இருந்தால் லைவ். லைனை நிறுத்தி வேலை செய்யக் கொடுக்கிற அனுமதியை மின்வாரியத்தில் லைன் கிளியர் என்பார்கள், எல்.சி. வாங்கியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் கம்பம் ஏற வேண்டும், வாங்கினவர் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் அந்த லைனைப் போடக் கூடாது. இத்தனை காலம் தன்வினை பிறவினை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நான் அந்த வாரம்தான் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன். கை என்ன செய்தது, பொருள் என்ன செய்தது, இப்போது எப்படி இருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு அடுப்பு இருக்கிறது, வடலூரில். வள்ளலார் 1867 மே 23 அன்று தரும சாலையில் மூட்டியது, பசியோடு வருகிறவர்களுக்காக இன்றுவரை அணையாமல் எரிகிறது. அணையா அடுப்பு என்றே பெயர். வகுப்பில் ஒரு பையன் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டான். நெவர் டர்ன்ட் ஆஃப் என்றால் கேஸ் அடுப்பு மாதிரி ஆகிவிடும். இட் ஹேஸ் நெவர் கான் அவுட் என்று சொல்லிக் கொடுத்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியப்பா ஒருவர் சொல்வார், 1962இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய இடத்தில் ஆன் ஸ்விட்ச் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. முதலில் பாய்லரை லைட் அப் பண்ண வேண்டும், அதாவது பற்ற வைக்க வேண்டும், நீராவி ஏறி டர்பைனை ரோல் பண்ண, அதாவது சுழல விட வேண்டும், வேகம் வந்தபின் கிரிட்டோடு, அதாவது ஊர் ஊராகப் போகிற மின் கட்டமைப்போடு, ஒத்திசைத்துச் சேர்க்கிற சிங்க்ரனைஸ் பண்ண வேண்டும், எல்லாம் ஆறிக் கிடந்த யூனிட் என்றால் மணிக்கணக்கில் ஆகும். நிற்பதற்கு மட்டும் ஒரு நொடி, டிரிப்.

இப்போது எட்டு வருடமாக சனி, ஞாயிறு சாயந்திரம் எங்கள் மொட்டை மாடியில் பாடம் எடுக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், ஏசி மெக்கானிக்குகள், ஃபிட்டர்கள், கத்தாருக்கும் சவூதிக்கும் போகப் பாஸ்போர்ட்டோடு காத்திருக்கிற பிள்ளைகள். இலக்கணப் புத்தகம் மூன்றாவது வாரம்தான் திறப்பேன். முதல் வாரம் கீழே கூட்டிக்கொண்டு போய் மெயின் போர்டுக்கு முன்னால் நிற்க வைப்பேன், அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஸ்விட்சில் இருக்கிற கோடும் வட்டமும் என்ன என்று கேட்பேன், ஒன்றும் பூஜ்யமும், கோடு ஆன், வட்டம் ஆஃப். வட்டம் மேலே உடைந்து நடுவில் கோடு நின்றால் ஸ்டாண்ட்பை, தூங்குகிறது, உள்ளே கரண்ட் இருக்கிறது. டிவியை ரிமோட்டில் அமத்தினால் அது அன்பிளக்ட் இல்லை. லீவ் ஆன் என்றால் போட்டது போட்டபடி விட்டுவிடு. கட் இன், கிக் இன் என்றால் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் அதுவாக எடுப்பது. ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். சொல்லித் தரும்போது பையன்களில் யாராவது தமிழில் கேட்டால் நான் தடுப்பதில்லை, தமிழில்தான் கேட்க வேண்டும், ஐயம் இருக்கிற இடத்தில் தெரியாத மொழியில் தலையாட்டுகிறவனை நினைத்தால்தான் எனக்குப் பயம். நானும் அன்றைக்கு ஓகே மேடம் என்றுதானே சொன்னேன்.

போன மாதம் கத்தாரிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். தேவனாம்பட்டினத்துப் பையன், போன வருடம்தான் போனான். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். "அக்கா, இங்க சூப்பர்வைசர் பிலிப்பைன்ஸ்காரரு. இன்னிக்கு என்னைப் பாத்து, கில் இட், இட்ஸ் ஓப்பன் நவ் அப்டின்னாரு. கில் இட்டுன்னா நிறுத்தறதுன்னு நீங்க சொல்லிருக்கீங்க. ஓப்பன் எந்த ஓப்பன்னு தெரியல. அதனால கைய கட்டிக்கிட்டு நின்னு, சார், பிரேக்கர் ஓப்பனா வால்வு ஓப்பனா, லைன் டெட்டான்னு கேட்டேன். அவரு ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு அக்கா. அப்பறம் வால்வுதான் சொன்னேன், பிரேக்கர் இன்னும் ஓப்பன் பண்ணல, வெயிட்டுன்னாரு. அவரே போயி பிரிச்சி பூட்டு போட்டுட்டு வந்தாரு. நான் பட்டன அழுத்திப் பாத்துட்டுத்தான் தொட்டேன். அப்பாகிட்ட சொல்லுங்க."

மாடியிலிருந்து இறங்கிப் போய் அப்பா காதில் போனை வைத்து அதை இரண்டு தடவை போட்டுக் காட்டினேன்.